எண்ணெய் ஒப்பந்தங்களும் இஸ்லாமியச் சட்டமும்: மத்தியஸ்த மன்றங்களின் முப்பதாண்டு வரலாறு

இருபதாம் நூற்றாண்டில் முஸ்லிம் உலகின் அரசியல், பொருளாதார வாழ்வைப் பெற்றோலியம் மாற்றியமைத்தது போல் வேறெந்தப் பொருளும் மாற்றியமைக்கவில்லை. அதன் வரலாறு எழுதப்படும்போது மன்னர்களும் புவியியலாளர்களும் கம்பனி அதிபர்களும் அதில் இடம்பெறுகின்றனர். ஆனால், துளையிடும் கருவி பூமியைத் தொடுவதற்கு முன்னரே தமது பணியை ஆரம்பித்துவிடும் ஒரு சாரார் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஒப்பந்தங்களை வரைந்த சட்டத்தரணிகளே அவர்கள். ஒரு நாட்டின் நிலத்தடி வளம் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனைகளுடன் உரியது என்பதை அவர்களது வாசகங்களே நிர்ணயித்தன. பிணக்கு எழுந்தபோது எந்தச் சட்டத்தின்படி அது தீர்க்கப்பட வேண்டும் என்பதையும் அவர்களே வாதிட்டனர்.

இவ்வாதங்களில் இஸ்லாமியச் சட்டத்திற்கு நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விடயமாகும். 1951 முதல் 1982 வரையிலான முப்பதாண்டு காலத்தில் அபூதாபி, கட்டார், சஊதி அரேபியா, லிபியா, குவைத் ஆகிய நாடுகளின் எண்ணெய்ப் பிணக்குகள் சர்வதேச மத்தியஸ்தர்களின் முன் வந்தன. அத்தீர்ப்புகள் இன்றும் சர்வதேச சட்டக் கல்வியில் பாடங்களாக உள்ளன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது முஸ்லிம் சமூகத்தின் அறிவு வரலாறு குறித்த முக்கியமான படிப்பினையொன்று நமக்குக் கிடைக்கிறது.

ஒப்பந்தத்தை வரைந்தோர்

எண்ணெய்த் தொழிலும் அதற்கெனத் தேர்ச்சி பெற்ற சட்ட நிறுவனங்களும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1840இல் தோற்றம் பெற்ற பேக்கர் பொட்ஸ் நிறுவனமும், அதே நகரில் 1917இல் நிறுவப்பட்ட வின்சன் அன்ட் எல்கின்ஸ் நிறுவனமும் டெக்ஸாஸ் எண்ணெய் வயல்களின் வளர்ச்சியோடு தாமும் வளர்ந்து, பின்னர் கடல் கடந்தும் கிளை பரப்பியவை. லண்டனிலும் நியூயோர்க்கிலும் இத்தகைய நிறுவனங்கள் பல இருந்தன. சலுகை ஒப்பந்தங்களை வரைதல், அரச பங்கை வரையறுத்தல், வரிகளைக் கணித்தல், பிணக்கேற்படின் வாதாடுதல் என்பனவே அவற்றின் பணிகள்.

இவ்வொப்பந்தங்களின் முன்னோடி 1901 மே மாதம் ஈரானின் முஸப்பருத்தீன் ஷா, வில்லியம் நொக்ஸ் டார்ஸி என்பவருக்கு வழங்கிய சலுகையாகும். வட மாகாணங்கள் ஐந்து நீங்கலாக நாடு முழுவதும் அறுபது ஆண்டுகளுக்கு அவருக்கு உரித்தாக்கப்பட்டது. அரசுக்குக் கிடைத்தது 20,000 பவுண் பணமும், அதே பெறுமதியான பங்குகளும், ஆண்டுதோறும் தேறிய இலாபத்தில் 16 சதவீதமுமாகும். ரிஸா ஷாவின் காலத்தில் 1933இல் இது புதுப்பிக்கப்பட்டபோது, கம்பனியின் சட்டத்தரணிகள் அதில் இரு முக்கிய வாசகங்களைச் சேர்த்துக் கொண்டனர். எதிர்காலத்தில் இயற்றப்படும் எந்தச் சட்டத்தாலும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் மாற்றப்படலாகாது என்பது ஒன்று. பிணக்குகள் நாட்டின் நீதிமன்றங்களில் அன்றி மத்தியஸ்தர்களால் தீர்க்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. சட்ட உலகம் பின்னாளில் 'உறுதிப்படுத்தும் வாசகம்' எனப் பெயரிட்டு அழைத்த ஏற்பாட்டின் ஆரம்ப உதாரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

அதே 1933ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி ஜித்தாவில் சஊதி நிதியமைச்சர் அப்துல்லாஹ் ஸுலைமானும், கலிபோர்னியா ஸ்டான்டர்ட் எண்ணெய்க் கம்பனியின் சார்பில் லொயிட் ஹமில்டன் என்ற சட்டத்தரணியும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். அதன் காலமும் அறுபது ஆண்டுகளே. முதற் கொடுப்பனவாக 35,000 தங்கப் பவுண்கள் கப்பலில் வந்து சேர்ந்தன. கம்பனியின் சார்பில் கையொப்பமிட்டவர் ஒரு சட்டத்தரணி என்பது இங்கு கவனத்திற்குரியது. உலகப் பொருளாதார மந்தத்தினால் ஹஜ் யாத்திரிகர் தொகை குறைந்து, திறைசேரி வெறுமையாகியிருந்த நேரம் அது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கக்கூடிய, நவீன வணிகச் சட்டமும் ஷரீஆவும் ஒருசேரக் கற்ற ஒருவர் அன்று அரசின் பக்கத்தில் இருந்திருப்பின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை.

அபூதாபியும் கட்டாரும்

1939 ஜனவரியில் அபூதாபியின் ஆட்சியாளர் ஷெய்க் ஷக்பூத் பின் ஸுல்தான், ஈராக் பெற்றோலியக் கம்பனியின் கிளை நிறுவனமொன்றுக்கு 75 ஆண்டுகாலச் சலுகையை வழங்கினார். பரஸ்பர நல்லெண்ணத்தையும் அறிவுக்கிசைந்த விளக்கத்தையும் அடிப்படையாகக் கொள்வதாக அதில் ஒரு வாசகம் இருந்தது. 1933இன் ஈரானிய ஒப்பந்தத்திலும் ஏறத்தாழ இதே வாசகம் இருந்ததை நாம் காண்கிறோம். ஒரு தேசத்தில் பயன்பட்ட வாசகம் அண்டைத் தேசத்திற்கும் எடுத்துச் செல்லப்பட்டது.

1945 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், தம் நாட்டின் கரையோரக் கண்டமேடையின் வளங்களுக்கு உரிமை கோரினார். அதனைத் தொடர்ந்து வளைகுடா ஆட்சியாளர்களும் 1949இல் அத்தகைய பிரகடனங்களை வெளியிட்டனர். கடலடி வளம் தமது 1939ஆம் ஆண்டுச் சலுகையில் அடங்கும் எனக் கம்பனி வாதிட்டது, ஷெய்க் மறுத்தார். 1951இல் பரிஸ் நகரில் வழக்கு விசாரிக்கப்பட்டது. தீர்ப்பளித்தவர் பிரித்தானிய நீதிபதி அஸ்குவித் பிரபு.

எந்தச் சட்டத்தைப் பிரயோகிப்பது என்பதே அவர் முன்னிருந்த முதல் வினா. ஒப்பந்தம் அபூதாபியில் செய்யப்பட்டது, அங்கேயே நிறைவேற்றப்பட வேண்டியது. ஆகவே முதல் நோக்கில் அந்நாட்டின் சட்டமே ஏற்புடையது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அத்தகைய சட்டமொன்று அங்கு இருப்பதாகக் கூற முடியாது என்றார். ஷெய்க் குர்ஆனின் துணைகொண்டு தம் விருப்பின்படி நீதி வழங்குகிறார். மிகப் பின்தங்கிய இப்பிரதேசத்தில் நவீன வணிக ஆவணங்களுக்குப் பொருந்தும் நிலையான சட்டக் கோட்பாடுகள் இருப்பதாகக் கருதுவது வெறும் கற்பனை என்பது அவரது கருத்தாக இருந்தது. நாகரிக நாடுகளின் பொதுவான நல்லறிவில் வேரூன்றிய ஒருவகை இயற்கைச் சட்டத்தை அதற்குப் பதிலாக அவர் பிரயோகித்தார். ஆங்கிலச் சட்டத்தின் சில விதிகள் அறிவில் உறுதியாக நிலைபெற்றிருப்பதால் அவையும் அவ்வியற்கைச் சட்டத்தின் பகுதியே எனக் கொண்டார்.

முடிவைப் பொறுத்தவரை ஷெய்க்குக்கே பெரும் வெற்றி கிடைத்தது. 1939இல் கண்டமேடை என்ற கோட்பாடே இருக்கவில்லை. ஆகவே அது சலுகையில் அடங்காது எனத் தீர்ப்பாயிற்று. அக்கடலடியில் 1958இல் உம்மு ஷைஃப் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1962இல் அதன் எண்ணெய் ஏற்றுமதியாயிற்று. அபூதாபியின் செழிப்பிற்கு அத்தீர்ப்பு துணை நின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வழக்கில் வென்ற ஆட்சியாளரின் சட்டம், சட்டமே அல்ல என்ற கூற்றும் அத்தீர்ப்போடு நிலைத்துவிட்டது.

1953இல் கட்டார் ஆட்சியாளருக்கும் சர்வதேசக் கடல் எண்ணெய்க் கம்பனிக்கும் இடையிலான கொடுப்பனவுப் பிணக்கைத் தீர்த்தவர் சேர் அல்பிரட் பக்னில். அவரது அணுகுமுறை சற்று வேறானது. சூழ்நிலைகளை நோக்குமிடத்து இஸ்லாமியச் சட்டமே பொருத்தமானது என அவர் கண்டார். எனினும் இவ்வகை ஒப்பந்தத்தை விளக்கப் போதிய கோட்பாடுகள் அதில் இல்லை என்றார். அச்சட்டத்தின்படி ஒப்பந்தத்தின் சில பகுதிகள் செல்லுபடியாகாமற் போகலாம் என்ற நிபுணர் சாட்சியமும் அவர் முன் இருந்தது. தமது ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் சட்டத்தை இரு தரப்பினரும் நாடியிருக்க மாட்டார்கள் என்ற அடிப்படையில் 'நீதி, ஒப்புரவு, நன்மனச்சாட்சி' ஆகியவற்றின்படி அவர் தீர்ப்பளித்தார்.

சென்னையும் அலஹாபாத்தும்

இம்மூன்று சொற்களும் தென்னாசிய முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. தனிச்சட்டம் எதுவும் பொருந்தாத இடத்தில் பிரித்தானிய இந்திய நீதிமன்றங்கள் கைக்கொண்ட சூத்திரம் அதுவே. அச்சூத்திரம் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே அதன் பலனும் அமைந்தது.

ஷுஃப்ஆ எனப்படும் முன்வாங்கல் உரிமையை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஒருவர் தம் நிலத்தை விற்கும்போது, அந்நியருக்கு முன்பாக அதனை வாங்கிக்கொள்ளப் பங்காளிக்கும் அயலவருக்கும் இஸ்லாமியச் சட்டம் வழங்கும் உரிமை அது. பங்காளிக்கு அவ்வுரிமை உண்டு என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. அயலவரையும் அதில் சேர்ப்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடாகும். 1870இல் சென்னை உயர் நீதிமன்றம், இவ்வுரிமை சொத்தின் சுதந்திரமான கைமாற்றத்தைத் தடுப்பதாகக் கண்டு, நீதி, ஒப்புரவு, நன்மனச்சாட்சி என்பவற்றுக்கு அது பொருந்தாது என ஏற்க மறுத்தது. ஆனால் 1885இல் அலஹாபாத் உயர் நீதிமன்றத்தில் ஸர் ஸையித் அஹ்மத் கானின் புதல்வரான நீதிபதி ஸையித் மஹ்மூத், ஹனபி மூல நூல்களைத் தாமே ஆராய்ந்து, அதே உரிமையை அதே சூத்திரத்தின் கீழ் நிலைநாட்டினார். சூத்திரம் ஒன்றே, உரிமையும் ஒன்றே. அரபு மூலங்களைத் தாமே வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார் என்பதே வேறுபாடு.

பிக்ஹு நூல்களில் நிலத்தடி வளம்

அஸ்குவித் பிரபு கூறியவாறு இஸ்லாமியச் சட்டம் இவ்விடயத்தில் உண்மையிலேயே வெறுமையாக இருந்ததா? நவீன எண்ணெய்ச் சலுகை போன்ற ஒப்பந்தத்தை முன்னைய சட்ட அறிஞர்கள் கண்டிருக்க முடியாது என்பது தெளிவு. எனினும் நிலத்தடி வளத்தை அரசு தனியாருக்கு வழங்கலாமா, வழங்கியதை மீளப் பெறலாமா என்ற வினாக்கள் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே எழுந்துள்ளன.

அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) என்ற நபித்தோழர் யமனின் மஃரிப் பகுதியிலுள்ள உப்பு வளத்தைத் தமக்கு வழங்குமாறு வேண்டினார், நபியவர்கள் வழங்கினார்கள். அவர் சென்றதும், வற்றாத நீரூற்றைப் போன்றதொன்றை அவருக்கு வழங்கிவிட்டீர்கள் எனச் சபையிலிருந்த ஒருவர் சுட்டிக்காட்டினார். அதனைக் கேட்ட நபியவர்கள் அம்மானியத்தைத் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தைச் சட்ட அறிஞர்கள் தம் ஆய்வின் ஆதாரமாகக் கொண்டனர்.

மற்றொரு சம்பவம் பிலால் இப்னுல் ஹாரிஸ் அல்முஸனி (ரழி) அவர்களுடன் தொடர்புடையது. அவருக்கு நபியவர்கள் கபலிய்யா சுரங்கங்களையும் அகீக் நிலத்தையும் வழங்கியிருந்தார்கள். உமர் (ரழி) தமது கிலாபத்தின்போது அவரை அழைத்து, மக்களிடமிருந்து தடுத்து வைப்பதற்காக அகீக் நிலம் உமக்குத் தரப்படவில்லை என்ற கருத்துப்பட எடுத்துரைத்தார்கள். அவரால் பயன்படுத்த இயன்ற அளவை அவரிடமே விட்டு, எஞ்சியதை மீளப் பெற்றார்கள்.

இவற்றின் அடிப்படையில் இமாம் மாவர்தி (ரஹ்) அவர்களின் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா', ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் 'அல்முஃனி' முதலிய நூல்கள் கனிய வளங்களை இரண்டாக வகுக்கின்றன. பெரும் உழைப்பின்றி எடுக்கக்கூடிய வெளிப்படையான வளம் ஒன்று. உழைப்பினாலும் செலவினாலும் மட்டுமே வெளிப்படும் மறைவான வளம் மற்றொன்று. முதலாவது வகை மக்கள் அனைவருக்கும் பொதுவானது, எவருக்கும் தனியுரிமையாக வழங்கப்படலாகாது. உப்பு, கந்தகம், தார் என்பவற்றுடன் 'நஃப்த்', அதாவது எண்ணெயும் அவ்வகையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. மாலிகி மத்ஹபோ ஒருபடி மேலே சென்று, தனியார் நிலத்தில் கிடைத்தாலும் கனிய வளத்தின் அதிகாரம் ஆட்சியாளருக்கே உரியது எனக் கொள்கிறது.

இதனைக் கொண்டு நாம் மிகையான முடிவுகளுக்குச் செல்லலாகாது. அவ்வறிஞர்கள் கண்ட எண்ணெய் பூமியின் மேற்பரப்பில் தானாகக் கசிந்தது. 1938இல் சஊதி அரேபியாவில் எண்ணெயைப் பெருக்கெடுக்கச் செய்த தம்மாம் 7ஆம் இலக்கக் கிணறோ 1,400 மீற்றருக்கும் அதிக ஆழம் கொண்டது. அதனை மறைவான வளத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம் எனவும், மறைவான வளத்தை மானியமாக வழங்கலாம் எனவும் ஓர் அறிஞர் வாதிட இடமுண்டு. ஆனால் அவ்வாதம் நடைபெறுவதற்கான மூலங்களும் அளவுகோல்களும் இருந்தன என்பதே நமது கருத்து. சட்டம் இல்லாத இடத்தில் இவ்வளவு நுணுக்கமான கருத்து வேறுபாடு தோன்றுவதில்லை.

அரம்கோ வழக்கு

இச்சட்டம் மத்தியஸ்த மன்றமொன்றில் நேரடியாகப் பேசப்பட்டது அரம்கோ வழக்கிலாகும். 1954 ஜனவரியில் சஊதி அரசு, கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டோட்டில் ஒனாஸிஸுடன் ஓர் உடன்படிக்கை செய்து, நாட்டின் எண்ணெயைக் கடல்வழி ஏற்றிச் செல்வதில் அவருக்கு முப்பதாண்டு முன்னுரிமை வழங்கியது. 1933ஆம் ஆண்டுச் சலுகையின்படி போக்குவரத்தும் தமது தனியுரிமையே என அரம்கோ எதிர்த்தது. சுவிட்சர்லாந்தின் சோஸர்-ஹோல் தலைமையிலான மன்றம் 1958 ஓகஸ்ட் 23ஆம் திகதி தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் பிரயோகிக்க வேண்டிய சஊதிச் சட்டம் என்பது இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் மத்ஹப் என மத்தியஸ்த உடன்படிக்கையிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. மன்றம் அச்சட்டத்தை மதிப்புடன் அணுகியது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்தில் ஹன்பலி மத்ஹப் தாராளமானது. செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது ஆட்சியாளர் மீதும் கடமை என அது ஏற்றுக்கொண்டது. மறுபுறம், சுரங்கச் சலுகை பற்றிய இஸ்லாமியச் சட்டம் முளைநிலையிலேயே உள்ளது, மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடுகிறது, ஹன்பலி மத்ஹபில் இது பற்றித் துல்லியமான விதி இல்லை என்றும் கூறியது. இவ்விடைவெளியைப் பொதுச் சட்டக் கோட்பாடுகளாலும் எண்ணெய்த் தொழிலின் வழக்காறுகளாலும் நிரப்பி அரம்கோவுக்குச் சாதகமாக முடிவு செய்தது.

எண்ணெய் வழக்காறு என்பது எண்ணெய்க் கம்பனிகளும் அவற்றின் சட்டத்தரணிகளும் உருவாக்கிய வழக்காறே. ஆகவே அந்த இடைவெளி எத்தகைய பொருளால் நிரப்பப்பட்டது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இஸ்லாமியச் சட்டத்தின் இரு கோட்பாடுகளுள், ஒப்பந்தத்தைப் பேணுதல் என்பது தீர்ப்பின் அடித்தளமாயிற்று. பொதுவளம் மக்களுக்குரியது, மானியம் மீள்பரிசீலனைக்குரியது என்ற மற்றைய கோட்பாடு தீர்ப்பை நிர்ணயிக்கும் நிலைக்கு வரவேயில்லை. ஒனாஸிஸுடனான உடன்படிக்கை சமூக நலனுக்கு உகந்ததா என்பது வேறு விடயம். நமது கவலை, கோட்பாடுகளுள் ஒன்று மட்டும் மன்றத்தில் நிலைபெற்றது பற்றியதே. 1963இல் சஊதி அமைச்சரவை, தனது அனுமதியின்றி அரச நிறுவனங்கள் மத்தியஸ்தத்திற்குச் செல்லலாகாது எனத் தீர்மானித்தது. இத்தீர்ப்பு ஏற்படுத்திய கசப்பையே அது காட்டுகிறது.

ஹேக் முதல் கெய்ரோ வரை

இதே காலப்பகுதியில் முஸ்லிம் நாடுகளில் சட்டக் கல்வி பெற்ற தலைமுறையொன்று மேலெழுந்து வந்தது. 1951இல் ஈரானிய எண்ணெயைத் தேசியமயமாக்கிய பிரதமர் முஹம்மத் முஸத்திக், சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியச் சட்டத்தில் மரணசாசனம் என்ற பொருளில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் 1952இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்திற்குச் சென்று தம் நாட்டுக்காகப் பேசினார். அரசுக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம் இரு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஆகாது என்ற அடிப்படையில், தனக்கு இவ்வழக்கில் அதிகாரம் இல்லை என 1952 ஜூலை 22ஆம் திகதி நீதிமன்றம் 9க்கு 5 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. பிரித்தானிய நீதிபதி மக்நேயரும் அப்பெரும்பான்மையில் இருந்தார். நீதிமன்றத்தில் பெற்ற வெற்றியை 1953 ஓகஸ்டில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு பறித்துக்கொண்டது.

1959இல் கெய்ரோவில் முதலாவது அரபுப் பெற்றோலிய மாநாடு நடைபெற்றது. சஊதி எண்ணெய்த் துறைப் பணிப்பாளர் அப்துல்லாஹ் தரீகியின் சட்ட ஆலோசகராக இருந்த அமெரிக்கர் பிராங்க் ஹென்ட்ரிக்ஸ், பொதுநலன் வேண்டும்போது இறைமையுள்ள அரசு சலுகை ஒப்பந்தத்தை மாற்ற வல்லது என அங்கு வாதிட்டார். கம்பனிகளின் பிரதிநிதிகள் இதனைக் கடுமையாக ஆட்சேபித்தனர். 1961 டிசம்பரில் ஈராக் தனது 80ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், ஈராக் பெற்றோலியக் கம்பனியும் அதன் துணைக் கம்பனிகளும் பயன்படுத்தாது வைத்திருந்த சலுகைப் பரப்பை, ஏறத்தாழ 99.5 சதவீதத்தை, மீளப் பெற்றது. அகீக் நிலம் பற்றிய உமர் (ரழி) அவர்களின் தீர்மானத்தை அறிந்தவருக்கு இச்சட்டத்தின் தர்க்கம் அந்நியமாகத் தோன்றாது. மறுஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறைமையைத் தனது 1803ஆம் தீர்மானத்தில் பிரகடனம் செய்தது.

கெய்ரோ, நியூயோர்க், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்ற அஹ்மத் ஸக்கீ யமானி 1962இல் சஊதி எண்ணெய் அமைச்சரானார். அவர் மத்தியஸ்த மன்றத்தை நாடவில்லை. பேச்சுவார்த்தை மேசையையே நாடினார். 1973இல் 25 சதவீதம், 1974இல் 60 சதவீதம், 1980இல் முழுமை என அரம்கோ படிப்படியாக அரசின் கைக்கு வந்தது. ஒப்பந்தத்தை முறிக்காமலேயே அதன் பலனை மாற்றியமைத்த முயற்சி என இதனைக் கூறலாம்.

லிபிய வழக்குகளும் மஹ்மஸானியும்

1971 முதல் 1974 வரை லிபியா தனது எண்ணெய்க் கம்பனிகளைத் தேசியமயமாக்கியதன் விளைவாக மூன்று மத்தியஸ்த வழக்குகள் எழுந்தன. ஒப்பந்த வாசகங்கள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. லிபியா எதிலும் முன்னிலையாகவில்லை. சுவீடனின் லாகர்கிரென் 1973இல் பீ.பீ. கம்பனிக்கு நட்டஈடு பெறும் உரிமை உண்டு என்றார். பிரான்ஸின் ரெனே-ஜோன் டுப்புய் 1977 ஜனவரியில் டெக்ஸாக்கோ, கலிபோர்னியக் கம்பனிகளின் வழக்கில் ஒப்பந்தத்தையே மீள நிலைநாட்டுமாறு லிபியாவுக்குக் கட்டளையிட்டார்.

லியம்கோ கம்பனியின் வழக்கில் தனி மத்தியஸ்தராக அமர்ந்தவர் லெபனானின் ஸுப்ஹி மஹ்மஸானி. இஸ்லாமியச் சட்டத்தின் தத்துவம் பற்றி 1946இல் வெளியான அவரது நூல் பலமொழிகளில் அறியப்பட்டது. லிபியச் சிவில் சட்டக்கோவை, எகிப்தின் அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரி உருவாக்கிய கோவையைப் பின்பற்றியது. எழுதப்பட்ட சட்டத்தில் விடை இல்லாதபோது நீதிபதி இஸ்லாமிய ஷரீஆவின் கோட்பாடுகளை நாட வேண்டும் என அது பணித்தது. ஆகவே மஹ்மஸானிக்குத் தம் துறையின் வாயில் திறந்தே இருந்தது.

1977 ஏப்ரல் 12ஆம் திகதி அவர் வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு விசுவாசிகளைப் பணிக்கும் ஸூரா அல்மாஇதாவின் முதல் வசனத்தையும், முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியையும் சர்வதேசச் சட்டக் கோட்பாட்டோடு அருகருகே வைத்தது. ஆயினும் அவர் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. சொத்துரிமை மதிக்கப்பட வேண்டியது, ஆனால் அது பொதுநலனுக்கு உட்பட்டது. பாகுபாடின்றியும் நட்டஈட்டுடனும் செய்யப்படும் தேசியமயமாக்கல் தன்னளவில் சட்டவிரோதமாகாது என அவர் கண்டார். எனவே ஒப்பந்தத்தை மீள நிலைநாட்டக் கட்டளையிட மறுத்து, ஒப்புரவான நட்டஈடாக ஏறத்தாழ 8 கோடி டொலரை விதித்தார். ஒரே வகை ஒப்பந்தத்தை மூவர் ஆராய்ந்தனர். கம்பனியின் உரிமைக்கும் சமூகத்தின் உரிமைக்கும் ஒருசேர இடமளித்த தீர்ப்பு, இஸ்லாமியச் சட்டத்தைக் கற்றறிந்தவரிடமிருந்து வந்தது என்பது தற்செயலானதன்று எனவே நாம் கருதுகிறோம்.

1982 மார்ச் 24ஆம் திகதி வெளியான குவைத் – அமினொயில் தீர்ப்பும் இதே திசையில் சென்றது. போல் ரோய்ட்டர், எகிப்தின் ஹாமித் ஸுல்தான், சேர் ஜெரல்ட் பிட்ஸ்மோரிஸ் ஆகிய மூவர் கொண்ட மன்றத்தின் பெரும்பான்மையோர், உறுதிப்படுத்தும் வாசகம் குவைத்தின் தேசியமயமாக்கும் உரிமையை இல்லாமற் செய்யவில்லை என்றனர். கம்பனிக்கு ஏறத்தாழ 18 கோடி டொலர் வழங்கப்பட்டது. பிட்ஸ்மோரிஸ் மட்டும் அவ்வாசகம் பற்றித் தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். ஈரானில் 1933இல் எழுதப்பட்ட அவ்வகை வாசகம் அரை நூற்றாண்டின் பின் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்தது.

பின்னைய நிலை

தேசிய எண்ணெய் நிறுவனங்கள் தோன்றியதும் சட்ட நிறுவனங்களின் பணியும் மாறியது. 1970களில் அல்ஜீரியாவின் சொனட்ராக், நியூயோர்க்கின் ஷெர்மன் அன்ட் ஸ்டெர்லிங் நிறுவனத்தைத் தன் சட்ட ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. அந்நிறுவனம் 2024இல் லண்டனின் அலன் அன்ட் ஓவரியுடன் இணைந்தது. முன்னர் கம்பனிகளுக்கு மட்டும் எட்டிய திறமை அரசுகளுக்கும் கிட்டியது ஒரு முன்னேற்றமே. ஆனால் கூலிக்கு அமர்த்தப்படும் சட்டத்தரணி, தான் கற்ற சட்டத்தையே மன்றத்திற்குக் கொண்டு வருகிறார். தான் கற்காத சட்டத்தை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

2004 ஜனவரியில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் பங்களாதேஷின் பெக்ஸிம்கோ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஷரீஆவின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு ஆங்கிலச் சட்டம் ஒப்பந்தத்தை ஆளும் என்ற வாசகத்தை ஆராய்ந்தது. ஷரீஆ ஒரு நாட்டின் சட்டமன்று. அதன் பல விடயங்களில் கருத்து வேறுபாடு உண்டு. எந்தக் கோட்பாடு என வாசகம் குறிப்பிடவுமில்லை எனக் கூறி ஆங்கிலச் சட்டத்தை மட்டுமே அது பிரயோகித்தது. இது எண்ணெய் வழக்கன்று. ஆயினும் 1953இல் கட்டார் வழக்கில் எழுந்த பிரச்சினையே இங்கும் வேறு வடிவில் எழுந்தது. இம்முறை வாசகத்தை வரைந்தோரின் பொறுப்பையும் நாம் மறைக்கலாகாது. மரியாதைக்காகச் சேர்க்கப்படும் சொற்றொடர் சட்டமாவதில்லை. எந்த மத்ஹபின், எந்தத் தொகுப்பின், எந்த விதி என எழுதப்பட்டிருப்பின் நீதிமன்றம் அதனை ஒப்பந்தத்தின் பகுதியாக ஏற்க இடம் இருந்திருக்கும்.

இவ்வரலாற்றை அநீதியின் வரலாறாக மட்டும் வாசிப்பது இலகுவானது. அஸ்குவித் பிரபுவின் கூற்றில் அவரது காலத்தின் ஆணவம் இருந்தது என்பது உண்மை. ஆனால் அவர் முன் 'அல்முஃனி'யைத் திறந்து, எண்ணெய் பற்றிய அதன் பகுதியை ஒப்பந்தச் சட்டத்தின் மொழியில் விளக்கக்கூடிய எத்தனை பேரை முஸ்லிம் சமூகம் அன்று உருவாக்கியிருந்தது? அல்முஃனியைக் கற்றவர்கள் மதரஸாக்களில் இருந்தனர், ஒப்பந்தச் சட்டத்தைக் கற்றவர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தனர். இரு கல்வியையும் தம்முள் இணைத்த ஸையித் மஹ்மூதும் மஹ்மஸானியும் போன்றோர் மிகச் சிலரே. அச்சிலர் ஆசனத்தில் அமர்ந்தபோது ஷரீஆவின் குரல் மன்றத்தில் ஒலித்தது.

சூரிய ஒளி, காற்று, அரிய கனிமங்கள், கடலடி வளம் எனப் புதிய வலுசக்தி ஒப்பந்தங்கள் இன்று முஸ்லிம் நாடுகளில் கைச்சாத்தாகி வருகின்றன. அவற்றின் பிணக்குகளும் நாளை ஏதோ ஒரு மன்றத்தில் விசாரிக்கப்படும். நீரிலும் மேய்ச்சலிலும் நெருப்பிலும் மனிதர் பங்காளிகள் என்ற நபிமொழிக்கு அங்கு என்ன பொருள் கொடுக்கப்படும் என்பது, நமது கலாபீடங்களும் சட்டக் கல்லூரிகளும் எத்தகைய மாணவரை இன்று உருவாக்குகின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. ஒப்பந்தத்தைப் பேணும் கடமையையும் பொதுவளத்தைக் காக்கும் கடமையையும் ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்காட்டத் தெரிந்த சட்ட அறிஞர் தலைமுறை நமது காலத்தின் பெருந்தேவையாகும்.